மரத்துக்கு ஒரு மேலாடை



வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் கையால் ஒரு பொருளைச் செய்ய விழையும்போது, "கடையில் கிடைப்பதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று தடுப்பவரே நம்மில் பலர். தடுக்காமல் துணைநின்ற ஒரு தந்தையின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

1963 ஆகஸ்ட் மாதம், லண்டனை அடுத்த பெல்தாமில் 16 வயது மாணவர் பிரையன் மே, தம் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து ஒரு மின்கிதார் செய்யத் தொடங்கினார். கடைக் கிதாரின் விலை அக்குடும்பத்தின் சக்திக்கு மீறியதாக இருந்தது. பழைய கணப்படுப்பின் மேற்சட்டமாயிருந்த மகோகனி மரம் கிதாரின் கழுத்தாயிற்று. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையின் ஓக் மரமும் பிளாக்போர்டும் உடற்பகுதியாயின. அவற்றின் மீது மெல்லிய மகோகனித் தகடு ஒட்டப்பட்டது. பணி ஏறத்தாழ ஈராண்டுகள் நீடித்தது.

செதுக்கி முடித்த மரத்தை அப்படியே விட்டுவிட இயலாது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும்; உலர்ந்தால் சுருங்கும். அதனால் ஒட்டிய தகடு பெயரும், வெடிப்பும் காணும். மேற்பூச்சு இந்த ஈரப் போக்குவரவைத் தாமதப்படுத்துவதோடு, வியர்வையும் அழுக்கும் மரத்தினுள் இறங்காமலும் காக்கிறது.

முதற்படி, உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்ப்பது. 120ஆம் எண்ணில் தொடங்கி, 180, 240 எனப் படிப்படியாக நயப்படுத்த வேண்டும். குறுக்கே விழும் கீறல் சாயம் ஏறியபின் பளிச்செனத் தெரியும். மகோகனியில் நுண்துளைகள் மிகுதி. அவற்றை நிரப்பும் பசையை இழைக்குக் குறுக்காகத் தேய்த்து அடைக்காவிடில், பூச்சு துளைகளுள் இறங்கி மேற்பரப்பு குழிகுழியாகக் காட்சிதரும். பலகையின் வெட்டுமுகம் அதிகமாக உறிஞ்சுமாதலின் அங்கே கூடுதல் பூச்சு வேண்டும். பின்னர் சீலர், நிறம், ஒளிபுகும் பூச்சு என்ற வரிசையில் மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். ஒன்று உலருமுன் மற்றொன்றைப் பூசினால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றிச் சுருக்கமும் கொப்புளமும் தோன்றும். கழுத்து பொருந்தும் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மறைத்துவிடுவது நலம். பூச்சு தடித்தால் பொருத்தம் கெடும்.

தந்தையும் மகனும் பயன்படுத்தியது ரஸ்டின்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கோட்டிங். கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து பூச வேண்டிய இருபகுதிப் பூச்சு அது. கலந்தபின் இறுகத் தொடங்கிவிடுமாதலால் தேவையான அளவே கலக்க வேண்டும். முற்றிலும் இறுகியபின் நுண்ணிய தாளால் தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடி போன்ற பளபளப்புக் கிட்டும்.

இல்லத்தரசியர்க்கு ஓர் எச்சரிக்கை. இத்தகைய பூச்சுகளின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது, தீப்பற்றவும் வல்லது. சமையலறைக்கு அருகிலோ குழந்தைகள் உறங்கும் அறையிலோ இவ்வேலை வேண்டாம். சாளரங்களைத் திறந்துவைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிதல் அவசியம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக் கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்துக.

செந்நிறங்கொண்ட அக்கிதார் 'ரெட் ஸ்பெஷல்' எனப் பெயர்பெற்றது. மகன் வானியல் ஆய்வுப் படிப்பை இடைநிறுத்தி இசைத்துறையை நாடியபோது தந்தை மனம் வருந்தினார். அம்மனவருத்தத்திற்குப் பின்னரும் இருவரும் சேர்ந்து செய்த கருவி மகனின் கையைவிட்டு நீங்கவில்லை. 1998இல் அது செப்பனிடப்பட்டது. 2002இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது ஒலித்தது. கைவிட்ட படிப்பையும் பிரையன் மே 2007இல் நிறைவுசெய்து முனைவர் பட்டம் பெற்றார். அதைக் காணத் தந்தை உயிரோடு இல்லை.

உங்கள் பிள்ளை நாளை ஒரு மரத்துண்டோடு வந்து நின்றால், உப்புத்தாளின் மறுமுனையை நீங்கள் பற்றிக்கொள்ளுங்கள்.