விளையாட்டுப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர்: பூட்டு யாருடையது?

டி.வி.யோடு இணைத்து விளையாடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே செத்துக் கிடக்கும் பாகங்களை அகற்றிவிட்டு, அந்தக் கூட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி ஓட்டுகிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் தோழர்களில் சிலர் சிரிக்கிறார்கள். "வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு இது. ஆலையில் எட்டு மணி நேரம் நின்று உழைக்கிறவனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் முதலாளி வைத்த ஒரு பூட்டு இருந்தது. அதே ஜாதிப் பூட்டு இன்று டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பெட்டியைத் திறந்து பார்ப்பது நமக்கும் சம்பந்தப்பட்ட காரியமே.

பெட்டியின் பழைய பெயர்

1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதற்குக் கம்பெனியே வைத்த பெயர் "பேமிலி கம்ப்யூட்டர்", அதாவது குடும்பக் கம்ப்யூட்டர். விளம்பரத்துக்காகச் சூட்டிய வெறும் பெயரல்ல அது. 1984ல் அதோடு மாட்டிக்கொள்ள ஒரு கீபோர்டும், "பேசிக்" மொழியில் சொந்தமாகப் புரோகிராம் எழுத ஒரு கேசட்டும் விற்பனைக்கு வந்தன. விளையாட்டுப் பெட்டி கம்ப்யூட்டராக வேலை செய்தது.

1985ல் அதே யந்திரம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே 1983ல் வீடியோ விளையாட்டு வியாபாரம் அடியோடு சரிந்திருந்தது. கடைக்காரர்கள் அந்தச் சரக்கைத் தொடவே தயங்கினார்கள். எனவே கூட்டை மாற்றினார்கள், பெயரையும் மாற்றினார்கள். "நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்" என்று பெயர் சூட்டி, சாம்பல் நிறக் கூட்டில் அடைத்து விற்றார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல் பெட்டியின் மேலிருந்து மறைந்தது. புதிதாக ஒரு பொருள் உள்ளே புகுந்தது. அதுதான் பூட்டு. ஜப்பானில் விற்ற பெட்டியில் அது இல்லை.

இரண்டு வடிவிலும் சேர்த்து உலகில் 6 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன. இன்று பலரும் பிரித்துப் புதுப்பிக்கிற பழைய பெட்டிகளில் மிகப் பெயர் பெற்றது இந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

பெட்டியின் அகலம் சுமார் 25 சென்டிமீட்டர். ஆழம் சுமார் 20. அடியில் ஆறு திருகுகள். அவற்றைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். உள்ளே கேசட் தட்டு, தகர உறை, அதற்கடியில் மின்பலகை. இவற்றை எடுத்துவிட்டால் தாராளமான இடம் கிடைக்கிறது.

அந்த இடத்தில் பெரும்பாலோர் பொருத்துவது ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கம்ப்யூட்டர் பலகை. நீளம் 8.5 சென்டிமீட்டர், அகலம் 5.6, உள்ளங்கையில் அடங்கும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலுள்ள ஒரு அறக்கட்டளை, மாணவர்கள் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் இதை வெளியிட்டது. பழைய பெட்டியில் வேலை நினைவகம் 2 கிலோபைட். முதலில் வந்த இந்தப் பலகையிலேயே 256 மெகாபைட். ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்!

வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் கைத்திறன் வேண்டும். கூட்டின் உள்ளே துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் கால்களைத் தேவையான அளவுக்கு வெட்டி, பலகை ஆடாதபடி திருகி நிறுத்த வேண்டும். டி.வி. ஒயரும் மின்சார ஒயரும் வெளியே வரப் பின்பக்கத்தை அளவெடுத்து அரம் போட வேண்டும். பழைய பெட்டியைப் போல் சுவிட்சைத் தட்டி நினைத்தபோது நிறுத்திவிட முடியாது. கம்ப்யூட்டர் தன் கணக்குகளை முடித்து மூடுவதற்குள் மின்சாரம் போனால் நினைவு அட்டையில் இருப்பது கெடும். ஆகவே பழைய பொத்தானை நேரே மின்சாரத்தில் சேர்க்காமல் பலகையின் சிக்னல் முனைகளில் சேர்த்து, "மூடு" என்று கட்டளையிட ஒரு சிறு புரோகிராம் எழுதுகிறார்கள். புதிய பலகை சூடாகும். அதற்குக் காற்றோட்டம் விட வேண்டும்.

கைப்பிடியையும் விடுவதில்லை. அதில் எட்டுப் பொத்தான்கள். எட்டுக்கும் எட்டு ஒயர் கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு சிறு சிப், எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே ஒயரில் சொல்லி அனுப்புகிறது. அந்த முறையைத் தெரிந்துகொண்டு, நாற்பது வருஷத்துக் கைப்பிடியைப் புதிய கம்ப்யூட்டரோடு பேச வைக்கிறார்கள்.

இதை ஓட்டும் மென்பொருள் லினக்ஸ். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. பிறகு உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதினார்கள். அதன் எழுத்து யாருக்கும் மறைக்கப்படவில்லை. எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பூட்டு இல்லாமலும் பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு இது கண்ணெதிரே நிற்கும் சாட்சி.

பெட்டி ஏன் "செத்தது"?

இப்போது பூட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பெட்டியில் ஒரு சிப். ஒவ்வொரு கேசட்டிலும் அதற்கு ஜோடியாக ஒரு சிப். பெட்டியை முடுக்கியதும் இரண்டும் ரகசிய பாஷையில் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால், பெட்டியிலுள்ள சிப் யந்திரத்தை நொடிக்கொரு தரம் நிறுத்தி நிறுத்தி முடுக்கும். சிவப்பு விளக்கு மினுக்கும். திரையில் விளையாட்டு வராது.

கேசட் மாட்டும் இடத்தில் 72 முனைகள். நாளாக ஆக அவை தேய்ந்து தளர்ந்தன. தொடர்பு சரியாக இல்லாதபோது பூட்டுச் சிப்பின் பேச்சு குழம்பியது. காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட்டையே அது திருட்டுச் சரக்கு என்று சந்தேகித்துப் பெட்டியை நிறுத்தியது. லட்சோப லட்சம் பிள்ளைகள் கேசட்டை வாயால் ஊதி ஊதி மாட்டினார்கள். "பெட்டி கெட்டுவிட்டது" என்று எத்தனையோ வீடுகளில் பரணில் போட்டார்கள்.

ரிப்பேர் தெரிந்தவர்கள் பிறகு கண்டுபிடித்தது என்ன? பூட்டுச் சிப்பின் நான்காவது காலை மட்டும் வெட்டிவிட்டால் போதும். பூட்டு உறங்கிவிடும், மினுக்கல் நிற்கும். பல பெட்டிகளில் யந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் படுக்க வைத்தது காவல்காரன்!

காவல் எதற்கு? மட்டமான சரக்கு வராமல் தடுக்கத்தான் என்றது கம்பெனி. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1983 சரிவுக்கு மட்டமான சரக்கின் பெருக்கமும் ஒரு காரணம். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை. இந்தப் பெட்டிக்கு விளையாட்டு எழுத விரும்பும் நிறுவனம் நின்டெண்டோவிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. கேசட்டை நின்டெண்டோவிடமே காசு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். களமும் அவனுடையது, தராசும் அவனுடையது, மரக்காலும் அவனுடையது!

விலையிலும் கை வைத்தார்கள். கடைக்காரர்கள் விலையைக் குறைக்க விடாமல் கட்டுப்படுத்தியதாக அமெரிக்க சர்க்கார் நின்டெண்டோமீது குற்றம் சாட்டி, 1991ல் சமரசம் ஆயிற்று. பெட்டி வாங்கியவர்களுக்குக் கிடைத்த பரிகாரம் என்ன தெரியுமா? 5 டாலர் தள்ளுபடிச் சீட்டு. அதைக் கொண்டுபோய் மறுபடியும் நின்டெண்டோ சரக்கைத்தான் வாங்க வேண்டும்!

விற்ற பிறகும் பூட்டு

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2006ல் சோனி கம்பெனி பிளேஸ்டேஷன் 3 பெட்டியை விற்றது. அதில் லினக்ஸ் ஏற்றிக் கம்ப்யூட்டராகப் பயன்படுத்தலாம் என்று கம்பெனியே வழி வைத்திருந்தது. அமெரிக்க விமானப்படை இப்படிப்பட்ட பெட்டிகளை 1,700க்கும் மேல் வாங்கி ஒன்றாகச் சேர்த்து, 2010ல் ஒரு மாபெரும் கம்ப்யூட்டரையே கட்டியது. பிள்ளைகள் விளையாடும் பெட்டியின் சக்தி அவ்வளவு!

ஆனால் 2010 ஏப்ரல் முதல் தேதி சோனி ஒரு "புதுப்பிப்பை" அனுப்பி அந்த வழியை அடைத்துவிட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னது. ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு இன்டர்நெட் வழியாக ஆடும் வசதி போயிற்று. முழு விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பொருளின் ஒரு பாகத்தைக் கம்பெனி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிடுங்கிக்கொண்டது. வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் அலைந்த பிறகு சொற்பத் தொகைதான் கிடைத்தது.

விற்றவன் விற்ற பிறகும் எஜமானனாக இருந்தால், வாங்கியவன் யார்? சொந்தக்காரனா, குத்தகைக்காரனா?

பொம்மையிலிருந்து டிராக்டருக்கு

1998ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி போட்ட மின்னணுப் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது அது. பாட்டும் சினிமாவும் திருடு போகாமல் காக்கத்தான் என்று சொன்னார்கள். ஆனால் பூட்டு எங்கெல்லாம் ஏறியதோ அங்கெல்லாம் அந்தச் சட்டமும் ஏறியது. டிராக்டருக்குள்ளும் மென்பொருள் வந்துவிட்டதல்லவா? தன் சொந்த டிராக்டரை ரிப்பேர் செய்வதற்காகப் பூட்டைத் திறக்க அமெரிக்க விவசாயிக்கு 2015ல்தான் விதிவிலக்கு கிடைத்தது. விளையாட்டுப் பெட்டிக்கு 2021ல் கிடைத்தது. அதுவும் தட்டு ஓட்டும் பாகத்தை ரிப்பேர் செய்ய மட்டும்.

2023ல் மின்னேசோட்டா மாநிலம் ரிப்பேர் உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கம்பெனிகள் ரிப்பேர் கையேடும் உதிரி பாகமும் தர வேண்டும் என்றது அது. நல்ல சட்டம். ஆனால் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்: விளையாட்டுப் பெட்டி அதில் இருக்கிறது, விவசாய யந்திரமும் இருக்கிறது! பிள்ளையின் பொம்மையையும் உழவனின் டிராக்டரையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே பிரச்னை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதற்கு மாறாக, கொலராடோ மாநிலத்தில் விவசாயிகள் திரண்டு நின்றார்கள். 2023ல் விவசாய யந்திரங்களுக்கென்றே ரிப்பேர் உரிமைச் சட்டம் பெற்றார்கள். 2025 ஜனவரியில் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி ரிப்பேர் வேலையைத் தன் ஏஜெண்டுகள் கையிலேயே முடக்கி வைத்திருக்கிறது என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடர்ந்தது. தனியாக நின்றவன் சிப்பின் ஒரு காலை வெட்டினான். சேர்ந்து நின்றவர்கள் சட்டத்தையே மாற்றினார்கள்.

நமது நிலை

பழைய கூட்டில் கம்ப்யூட்டர் கட்டுவதால் முதலாளித்துவம் வீழ்ந்துவிடாது. அந்தப் பலகையும் ஒரு சரக்குத்தான். அதை விற்கும் கம்பெனி 2024 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையிலும் ஏறிவிட்டது. ஆகவே யாரும் மயங்க வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிற பழைய பெட்டியை அழகுக்காகக் குடைந்து எறிவதும் சரியல்ல. அது பிறர் உழைப்பை வீணாக்குவது. 2022ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. செத்த பெட்டிக்கு உயிர் கொடுப்பதே மேலான வேலை.

ஆனால் அந்த வேலையில் ஒரு பாடம் இருக்கிறது. யந்திரத்தைத் திறந்து பார்த்தவனுக்கு, அதன் சக்தி எது, முதலாளி போட்ட தளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. தறியின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை அந்தத் தறியிலும் பூட்டு ஏறி, "கம்பெனி ஆள் வந்துதான் திறக்க வேண்டும்" என்றால் அந்த அறிவுக்கு மதிப்பு எங்கே? ஊர் மூலையில் மோட்டாரும் போனும் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் கதி என்ன? பூட்டு பொருளை மட்டும் பூட்டுவதில்லை. உழைப்பாளியின் கைத்திறனையும் பூட்டுகிறது.

நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமை பற்றி ஒரு கமிட்டி அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தாமாக விரும்பித் தரும் தகவல் போதாது. மீறினால் தண்டனை உண்டு என்ற சட்டம் வேண்டும். ரிப்பேர் கையேடு பகிரங்கமாக வேண்டும், நம் மொழியிலும் வேண்டும். உதிரி பாகம் நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். விற்ற பொருளின் வசதியைப் பின்னால் பிடுங்கும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் இருக்கக் கூடாது.

ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும். டிராக்டர் ஓட்டுகிற தோழரையும் போன் ரிப்பேர் கடைத் தோழரையும் அழைத்து, எந்தெந்த யந்திரத்தில் எந்தெந்தப் பூட்டு இருக்கிறது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.