'நம்ம டீம்' யாருடைய டீம்?

மாசி பிறந்தால் திருவண்ணாமலையில் டீக்கடைப் பேச்சின் போக்கே மாறிவிடுகிறது. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும் இடங்களிலும், மூட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும் தொழிலாளர் மத்தியிலும் ஒரே விவகாரம்தான்: இந்த வருஷம் சென்னை அணி தேறுமா, தேறாதா? ஐ.பி.எல். கிரிக்கெட்டில் இன்னும் ஒரு பந்துகூட வீசப்பட்டிருக்காது. ஆனால் வாதமோ கொதித்துக்கொண்டிருக்கும்.

2026 ஆட்டங்களுக்கு முன்னால் அடிபட்ட கேள்விகளைப் பாருங்கள். சஞ்சு சாம்சனைப் பெறுவதற்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது சரியா? இந்திய அணிக்கு ஒரு முறைகூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு வாலிபர்களுக்கு, 2025 டிசம்பர் ஏலத்தில் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் ரூபாய் கொடுத்தது புத்திசாலித்தனமா? 2025இல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்த குழு இதனால் மேலேறிவிடுமா?

இதைக் கேட்டுச் சிரிக்கிற படிப்பாளிகள் உண்டு. "வேலைவெட்டி இல்லாத பேச்சு" என்று அவர்கள் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். எட்டு மணி நேரம் முதுகொடிய உழைத்தவன் ஒரு கிளாஸ் டீயோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது அவனுடைய உரிமை. அது மட்டுமல்ல. "கணக்குத் தெரியாதவன்" என்று முதலாளியால் ஏசப்படுகிற அதே தொழிலாளி, 2008 முதல் நடந்த ஆட்டங்களின் ரன் கணக்கை ஒப்பிக்கிறான். எந்தப் பந்து வீச்சாளனை எந்த ஓவரில் இறக்க வேண்டும் என்று காரணத்தோடு வாதாடுகிறான். அறிவும் இருக்கிறது, பற்றும் இருக்கிறது. அந்த அறிவும் பற்றும் எங்கே போய்ச் சேருகின்றன? யாருடைய பெட்டியை நிரப்புகின்றன? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

வாதத்தில் வராத விஷயம்

"நம்ம டீம்" என்கிறோம். நல்லது. 2008 ஜனவரியில் சென்னை அணியை நடத்தும் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அடுத்த மாதம் 15 லட்சம் டாலருக்குத் தோனியை ஏலத்தில் எடுத்தது. பணம் போட்டது கம்பெனி. ஆளை எடுத்தது கம்பெனி. லாபம் பார்த்ததும் கம்பெனி. விசில் அடித்தது மட்டும் நாம்.

2013இல் சூதாட்ட ஊழல் வெடித்தது. 2015 ஜூலையில் நீதிபதி லோதா கமிட்டி, சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் நடத்திய நிறுவனங்களை இரண்டாண்டு விலக்கி வைத்தது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சென்னைக்கு அணியே இல்லை. தவறு எங்கே நடந்தது? மேல்மட்டத்தில். தண்டனையில் பங்கு யாருக்கு? கடனுக்கு மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட பையனுக்கும்தான்.

சென்னையாவது மீண்டு வந்தது. கேரளத்து ரசிகர்கள் என்ன ஆனார்கள்? கொச்சி அணி 2011இல் ஒரே ஒரு பருவம் ஆடியது, அதோடு கலைக்கப்பட்டது. 2009இல் கோப்பையே வென்ற ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் மறைந்தது. அந்த ரசிகர்களை ஒருவராவது கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டதுண்டா? கிடையாது. கடையை மூடும் முதலாளி வாடிக்கைக்காரனிடம் உத்தரவு கேட்பதில்லை அல்லவா?

நம் ஊர்க்காரர்களுக்குத் தேர் தெரியும். கார்த்திகை தீபத் திருவிழாவில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கைகள் நீளும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஐ.பி.எல்.லிலும் ஊர் கூடித்தான் இழுக்கிறது. ஆனால் தேர் மட்டும் கம்பெனியுடையது.

வரவும் கூலியும்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. சராசரியாக ஆண்டுக்கு 9,678 கோடி. கம்பெனிகள் இவ்வளவு பணத்தைக் கொட்டியது எதை நம்பி? நம் கண்களை நம்பித்தான். நாம் பார்ப்போம் என்பதால் விளம்பரக்காரன் வருகிறான். அந்த விளம்பரச் செலவு சோப்பின் விலையிலும் பிஸ்கட்டின் விலையிலும் ஏறி, கடைசியில் நம் வீட்டு மளிகைச் சீட்டிலேயே வந்து உட்காருகிறது. 2023இல் கைப்பேசியில் ஆட்டத்தை இலவசமாகக் காட்டினார்கள். பழக்கம் படிந்தது. இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தன. 2025இல் சந்தா கட்டு, அல்லது இன்ன ரீசார்ஜ் போடு என்றார்கள். முதலில் தீனி, பிறகு தூண்டில்!

சரி, ஆடுகிறவனுக்காவது நியாயமான பங்கு போகிறதா? 2025 பருவத்துக்கு ஒரு அணி ஆட்டக்காரர்களை எடுக்கச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 120 கோடி. பத்து அணிகளுக்கும் சேர்த்து 1,200 கோடி. ஆட்டத்துக்கு ஆட்டம் தரும் கூலியைச் சேர்த்தாலும், ஒளிபரப்பு வருமானத்தில் மட்டுமே ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. டிக்கெட் வசூலும் சட்டை விற்பனையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

"27 கோடிக்குப் போன ரிஷப் பந்துக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள். அவருக்குக் குறையில்லை. ஆனால் அதே 2024 நவம்பர் ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். விலை போனவர்கள் 182 பேர். மீதிப் பேரின் பெயர் எந்த டீக்கடையிலும் அடிபடவில்லை.

அமெரிக்காவில் தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் கால்பந்தாட்டம் இருக்கிறது. முதலாளித்துவத்தின் தலைவாசலான அந்த நாட்டில்கூட ஆட்டக்காரர்களுக்கு 1956 முதல் சங்கம் உண்டு. 1982இலும் 1987இலும் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2020இல் போட்ட ஒப்பந்தப்படி, மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது 48 சதவீதம் குறையாமல் அவர்களுக்குப் போகிறது. சங்கம் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் இதுதான்! நம் நாட்டில் 2019இல் ஒரு ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது; அதுவும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே.

யாருக்கு யார் எதிரி?

வாதம் வாதமாக இருக்கும்வரை நல்லது. அது எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள் குடித்துவிட்டு, கோலி பெரியவரா, ரோஹித் பெரியவரா என்று வாதம் செய்தார்கள். வாதம் வசையாயிற்று; வசை அடியாயிற்று. ஒருவன் பிணமானான், மற்றவன் சிறைக்குப் போனான். இருவரும் இளைஞர்கள், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். கோலியும் ரோஹித்தும் இந்தியாவுக்காக ஒரே சட்டை போட்டு ஆடியவர்கள் என்பது அந்த இரவில் யார் நினைவுக்கும் வரவில்லை.

2025 ஜூனில் பெங்களூர் அணி 18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கோப்பை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டார்கள். உள்ளே கொண்டாட்டம் நடந்தது. வெளியே பிணம் விழுந்தது. வெற்றி யாருடையது, விலை யாருடையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு கொடுமையும் இருந்தது. ரசிகனின் வாதத்தையே சரக்காக்கினார்கள். "உனக்குத்தான் ஆட்டம் தெரியுமே, நீயே பதினோரு பேரைப் பொறுக்கு, பணம் கட்டு, கோடி அள்ளு" என்று கைப்பேசியில் கடை விரித்தார்கள். அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றின் பெயர்தான் 2020இல் ஐ.பி.எல். கோப்பைக்கே முன்னால் ஒட்டியிருந்தது. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று கூலிக் காசு கரைந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இணையப் பணப் பந்தயங்களைத் தடை செய்தது. அதற்குள் கரைந்த காசு கரைந்ததுதான்.

ஊரே உடைமையாக்கிய அணி

"அணி என்றால் முதலாளி இருக்கத்தானே செய்வான்?" என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதே அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பாக்கர்ஸ் என்றொரு அணி இருக்கிறது. 1919இல் இறைச்சியை டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த கர்லி லாம்போ, சட்டைகளுக்கு அந்தக் கம்பெனியிடம் பணம் பெற்று நண்பர்களோடு தொடங்கிய அணி அது. பாக்கர்ஸ், அதாவது டப்பாவில் அடைப்பவர்கள் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. 1923இல் பணமுடை வந்தபோது ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். பங்குக்கு லாபம் கிடையாது. விற்றுச் சம்பாதிக்கவும் முடியாது. ஆனால் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு. ஆண்டுக்கொரு முறை மைதானத்திலேயே பங்குதாரர் கூட்டம் நடக்கிறது.

கிரீன் பே எவ்வளவு பெரிய ஊர்? ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரத்தின் ஜனத்தொகை 1 லட்சத்து 45 ஆயிரம். நம் ஊரைவிடச் சிறிய ஊர்! நியூயார்க்கும் சிகாகோவும் கோடீஸ்வரர்களிடம் விட்டுவிட்ட உரிமையை அந்தச் சிற்றூர் கையில் வைத்திருக்கிறது. அங்கும் ஆகஸ்டு மாதத்தில், கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்கள் நடக்கும்போது, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று நம் டீக்கடையைப் போலவே வாதம் நடக்கும். ஆனால் கிரீன் பே ரசிகன் "நம்ம டீம்" என்றால் அதற்குப் பத்திரம் இருக்கிறது. மற்ற 31 அணிகளின் முதலாளிகள் இந்த ஏற்பாடு பரவக்கூடாது என்று லீகின் விதியிலேயே கதவை அடைத்துவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். நல்ல உதாரணம் என்றால் அவர்களுக்கு அவ்வளவு பயம்!

ஜெர்மனியில் கால்பந்து கிளப்புகளில் ஓட்டு பலத்தில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி லீக் அமைக்கப்போவதாக அறிவித்தன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆண்டாண்டாக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்ட கோஷ்டிகள் ஒரே கோஷம் போட்டன. மூன்று நாள் தாங்கவில்லை. ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் பின்வாங்கின. ரசிகர்கள் ஒன்றுபட்டால் முதலாளியின் திட்டமும் கவிழும் என்பதற்கு இது அத்தாட்சி.

பழமும் மரமும்

"நடராஜனை உயர்த்தியது ஐ.பி.எல். தானே?" என்பார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நெசவுத் தொழிலாளியின் மகன் 2017இல் 3 கோடிக்கு ஏலம் போனதும், பிறகு இந்திய அணியில் ஆடியதும் நமக்கும் பெருமைதான். ஆனால் அவர் கை பழகியது எங்கே? ஊர்ப் பொட்டலில், டென்னிஸ் பந்தில். கம்பெனி பழத்தை வாங்கியது. மரத்தை அது நடவில்லை. மரம் நட வேண்டும் என்று உணர்ந்தவர் நடராஜனேதான். சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா, சென்னையின் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அந்தப் பெண்ணைப் பற்றி நாம் எத்தனை நாள் வாதாடினோம்? 14 கோடி ஏலத்தைப் பற்றி எத்தனை நாள் வாதாடினோம்?

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகள் பந்தடித்த பொட்டல்களில் மனைக் கற்கள் முளைக்கின்றன. அறுவடை முடிந்த வயலும் வற்றிய ஏரியும்தான் அவர்களுக்கு மிச்சம். மழை வந்தால் அதுவும் இல்லை. எந்த வார்டில் விளையாட்டுத் திடல் உண்டு, எந்த ஊராட்சியில் இல்லை, பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா என்ற கணக்கும் ரன் கணக்கைப் போல நம் நுனி நாக்கில் இருக்க வேண்டாமா?

வாலிபத் தோழர்களே! ஆட்டத்தைப் பாருங்கள், வாதாடுங்கள், விசில் அடியுங்கள். எதிர் அணிச் சட்டை போட்டவனும் உங்களோடு மூட்டை தூக்குகிறவன்தான் என்பதை மட்டும் மறவாதீர்கள். முதல் பந்து வீசப்படும் முன்பு இரண்டே கேள்விகளை டீக்கடையில் போடுங்கள்: இந்த அணியில் நமக்கு என்ன பாத்தியதை? நம் பிள்ளைகளுக்கு மைதானம் எங்கே? இரண்டாவது கேள்விக்குப் பதில் பெற ஏலத் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒன்றாகச் சேர்ந்து, கையெழுத்து வாங்கி, அடுத்த கிராம சபையிலும் மாநகராட்சி வாசலிலும் எழுப்புங்கள். அந்தத் திடல் கிடைத்தால், அதில் இறங்கும் அணியை நெஞ்சு நிமிர்த்தி "நம்ம டீம்" என்று சொல்லலாம்.