இரவல் பெட்டி அல்ல

"சிறிய நாடுகளுக்குப் போர்க்கால வானொலியில் சொந்த வரலாறு ஏது? வல்லரசு கொடுத்த பெட்டியைச் சுமந்தார்கள், அவ்வளவுதான்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். டென்மார்க்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1940இல் ஜெர்மனி அந்நாட்டைப் பிடித்த பிறகு, தலைமறைவுப் போராளிகளுக்குப் பிரிட்டன் அனுப்பிய டிரான்ஸ்மிட்டர்கள் ஒளித்துக் கொண்டுபோக முடியாத கனம். டென்மார்க்கின் வானொலி நிறுவனமான பேங் அண்ட் ஓலுஃப்சனின் பொறியாளர் டூஸ் ஹான்சன் அவற்றை ஒதுக்கிவிட்டு, டெலிபோன் டைரக்டரி அளவில், சுமார் 1.5 கிலோ எடையில் தானே ஒன்றைச் செய்தார். கோபன்ஹேகனில் அன்று டி.சி. மின்சாரமும் புழக்கத்தில் இருந்தது. அவர் கருவி ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடியது. உள்ளூர் மின்கம்பியை அறிந்தவருக்கே தோன்றும் யோசனை இது! ஜெர்மானியர் மோப்பம் பிடிப்பதற்குள் முடித்துவிட, மோர்ஸ் செய்தியை நாடாவில் ஏற்றி அதிவேகமாக அனுப்பும் முறையையும் கொண்டுவந்தார்.

இதை இரவல் என்பது அநியாயம். கட்டுரையாளர் தம் வரியைத் திருத்த வேண்டும்.