ஹீ போய் ஷீ வந்தது

வீட்டில் ஃப்யூஸ் போய்விட்டால், "ஏன்னா, கொஞ்சம் பாருங்களேன்!" என்று குரல் கொடுப்பதே நெடுநாள் வழக்கம். அந்த ஃப்யூஸுக்கெல்லாம் பாட்டி போன்ற பிரம்மாண்டமான காவல் சாதனங்களுக்கு ஒரு பெண்மணி கல்கத்தாவில் உட்கார்ந்து திட்டம் போட்டார் என்றால் நம்புவீர்களா? நம் சென்னையிலேயே பிறந்தவர் அவர்!

பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919-ல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாவது வயதில் கல்யாணம். 1937-ல் பெண் குழந்தை ச்யாமளா பிறந்தாள். நாலு மாதத்துக்கெல்லாம் புருஷன் காலமாகிவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது பதினெட்டு. அந்த நாளில் அந்த வயதில் கைம்பெண் என்றால் என்ன கதி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

லலிதா மேலே படிக்கத் தீர்மானித்தார். டாக்டருக்குப் படிக்கலாம்தான். ஆனால் நடுராத்திரியில் ஆள் வந்தால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டுமே! இஞ்சினீயர் என்றால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். என்ன தீர்க்காலோசனை பாருங்கள்! தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் மின்சாரப் பேராசிரியர். பிரின்ஸிபால் சாக்கோவிடம் பேசி, 1940-ல் பெண்ணைச் சேர்த்துவிட்டார்.

அத்தனை பையன்களுக்கு நடுவே ஒரே பெண். தனிமைதான் வாட்டியது. பிறகு த்ரேஸியா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவர் ஸிவில் பிரிவில் சேர்ந்ததும் துணை கிடைத்தது. (இந்தத் த்ரேஸியாதான் 1971-ல் கேரளப் பொதுமராமத்து இலாகாவின் தலைமை இஞ்சினீயரானார்!) பட்டத் தாளில் 'ஹீ' என்று அச்சாகியிருந்ததை அடித்து, 'ஷீ' என்று திருத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி. ஸிம்லாவில் சர்க்கார் உத்தியோகம். 1948-ல் கல்கத்தாவில் அஸோஸியேடட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் எனக்கு அதிசயமாகப் படுவது அந்தக் காவல் சாதனங்கள்தான்.

நெடுந்தூரம் ஓடும் மின்சாரக் கம்பிமேல் எங்கோ ஒரு மரம் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். அதை மோப்பம் பிடிப்பது ரிலே என்னும் சின்னக் கருவி. அது உத்தரவு போட்டதும் ஸர்க்யூட் பிரேக்கர் கண் மூடித் திறப்பதற்குள் பழுதான பகுதியை மட்டும் துண்டித்துவிடும். மற்ற ஊர்களில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எந்த ரிலே முந்த வேண்டும், எது சற்றுப் பொறுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதில்தான் சாமர்த்தியம். கல்யாணப் பந்தியில் யாருக்குப் பின்னால் யார் பரிமாறுவது என்று ஏற்பாடு செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். யந்திரத்துக்கு யந்திரமே கட்டளையிடும் ஆட்டோமேஷனுக்கு இது மூத்த அக்காள் முறை.

1964-ல் நியூயார்க்கில் பெண் இஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மகாநாடு கூடியபோது லலிதாவும் போய் வந்தார். 1977-ல் ஓய்வு பெற்றார். அந்த ஓய்வை அனுபவிக்கக் கிடைத்தது இரண்டே வருஷம். 1979 அக்டோபரில், அறுபதாவது வயதில், காலமானார்.