உதிரிப்பாகத்துக்குக் கொடுக்கும் கை, சோதனைக்கு ஏன் மூடிக்கொள்கிறது?



பழைய சரக்கு வண்டி காலையில் கிளம்ப மறுத்தாலோ, ஓடும்போது மிஸ்ஸிங் அடித்தாலோ, பல பட்டறைகளில் முதலில் எழும் சொல் ஒன்றுதான்: “மாற்றிப் பார்ப்போம்.” நாசிலை மாற்றுகிறார்கள், குணமில்லை. பம்பைக் கழற்றுகிறார்கள், குணமில்லை. முடிவில் எஞ்சினையே பிரித்துவிடலாம் என்கிறார்கள். அதற்குள் அந்த வண்டியை நம்பி வாழும் குடும்பத்தின் கையிருப்பு கரைந்துவிடுகிறது. இதைப் பழுதுபார்த்தல் என்று அழைப்பது தகாது. இது பிறர் பணத்தில் நடத்தப்படும் ஊகம்.

ஊகத்துக்குத் தேவையே இல்லை என்பதுதான் இதில் வேதனை. 1986 முதல் நம் சாலைகளில் ஓடும் டாட்டா 407 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தில் டீசல் தானே பற்றுகிறது. ஆகவே அது கிளம்புவதற்கு முதன்மையாக மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுழற்சி, காற்றுக் கலவாத டீசல், குறையாத கம்ப்ரெஷன். இம்மூன்றையும் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி வரிசையாகச் சோதிக்கலாம்.

செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுற்றுகிறதா? மோட்டாரைக் குறை கூறுமுன் மீட்டரை வையுங்கள். முழுச் சார்ஜுள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் சுழற்சி மந்தமெனில், எஞ்சினைச் சேசிஸுடன் இணைக்கும் எர்த் வயரைப் பாருங்கள். அங்கே படிந்த துருவை நீக்க ஓர் உப்புத்தாள் போதும்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? எஞ்சினை நிறுத்தும் கேபிள் முழுமையாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பு புகையைக் கவனியுங்கள். புகையே இல்லையெனில் டீசல் உள்ளே செல்லவில்லை. வெண்புகை வந்தால் டீசல் செல்கிறது, பற்றவில்லை. இரவு முழுதும் நின்ற வண்டி கைப்பம்பு அடித்த பின்பே கிளம்புமானால், குழாய் இணைப்பு, வாஷர், ஃபீட் பம்பின் வால்வு ஆகியவற்றில் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள்.

மிஸ்ஸிங்குக்கும் தெளிவான சோதனை உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரானால் எஞ்சின் தடுமாறும். எதில் மாற்றமே இல்லையோ அதில்தான் கோளாறு. அந்த நாசிலை வேறொரு சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் உடன் நகர்ந்தால் நாசில் கெட்டது. நகராவிட்டால் டேப்பட் இடைவெளி, பம்பு, கம்ப்ரெஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இது பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அதிலும் பீய்ச்சும் டீசலுக்குக் கையையும் முகத்தையும் காட்டலாகாது. புதிய காமன் ரெயில் எஞ்சினில் ஒருபோதும் இவ்வாறு செய்யாதீர்கள். அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உடலுக்குள் டீசலைச் செலுத்திவிடும்.

“இவ்வளவும் சோதிக்க நேரமாகும், அதற்குக் கூலி யார் தருவார்?” என்று மெக்கானிக் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. கையில் எடுத்துக் காட்டும் நாசிலுக்கு மறுபேச்சின்றிப் பணம் எண்ணித்தரும் உரிமையாளர், ஒரு மணி நேரச் சோதனைக்குக் கூலி கேட்டால், “பார்த்ததற்கெல்லாம் காசா?” என்று முகம் சுளிக்கிறார். பாகத்தை விற்றால்தான் கூலி கிடைக்கும் என்று பட்டறைக்குக் கற்பித்தது இந்தக் கஞ்சத்தனமே. ஆயினும் அது ஊகத்தை நியாயமாக்காது. பட்டறையில் ஒப்படைக்கப்பட்ட வண்டி ஓர் அமானிதம். உரிமையாளரின் பணமும் அவ்வாறே.

ஆகவே, வண்டியை விடும்போதே சோதனைக்கென்று தனிக்கூலி பேசுங்கள். கோளாறு சிறிதாக இருந்தாலும் அதனை முழுமையாகக் கொடுங்கள். பின்பு உரிமையோடு கேளுங்கள்: “இந்தப் பாகம் கெட்டது என்று எந்தச் சோதனை காட்டியது?” விடை கிடைக்கும்வரை எதையும் மாற்ற இசையாதீர்கள்.