மந்தின் மக்களுக்குத் தகவல் முன்னதாகவே சேர வேண்டும்

மதிப்பீட்டு வரி கட்டுவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, குப்பை அள்ளவில்லை என்று புகார் கொடுப்பது எல்லாமே இன்று கைத்தொலைபேசியில் முடிந்துவிடுகின்றன. நெகிரி செம்பிலானின் மந்தின் வட்டாரத்து மக்களுக்கு இதனால் சிரம்பானுக்குப் போய்வரும் அலைச்சலும் ஒருநாள் சம்பளமும் மிச்சமாகின்றன. இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சேவைகள் எல்லாம் நாமே தேடிப்போய்க் கேட்டால்தான் பதில் சொல்கின்றன. குடியிருப்புக்குப் பக்கத்து நிலம் என்னவாகப் போகிறது, அதைப் பற்றி எந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதை மக்கள் கேட்காமலே அறிவிக்கும் ஏற்பாடு இன்னும் வலுவாக அமையவில்லை. தோட்டத்தில் வேர்விட்ட குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது அதுதான்.

தோட்ட வாழ்க்கையில் தகவல் மேலிருந்து கீழே ஒரே வழியில்தான் வந்தது. அதிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போது கிராணியோ மண்டோரோ சொன்னதுதான் செய்தி. நிர்வாகம் சொல்ல விரும்பாதது லயத்துக்கு வந்து சேரவில்லை. 1950களில் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடல் தொடங்கியபோது, நிலம் கைமாறும் பேச்சில் தலைமுறையாக உழைத்தவர்களுக்கு இடமில்லை. அந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் அன்றைய ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக் காடுகள் பல தாமான்களாயின. மக்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறினார்கள். பெரட்டும் போயிற்று, அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 2019இல் நின்றுபோனது.

சட்டம் இந்தக் குறையைத் தீர்த்துவைக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் மேம்பாட்டு அனுமதி கேட்கப்பட்டால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. லயத்தில் வாழ்பவர் நில உரிமையாளர் அல்லர். வாடகை வீட்டில் இருப்பவரும் அல்லர். பிள்ளை பிறந்து வளர்ந்த இடமானாலும், பட்டா இல்லாதவர் வீட்டுக் கதவை அந்தக் கடிதம் தட்டாது. உள்ளூர்த் திட்டம் வரையப்படும்போது பொதுமக்கள் அனைவரும் கருத்துச் சொல்லலாம் என்பது உண்மைதான். அதற்கும் அவகாசம் குறைவு; தெரிந்தவர்தானே சொல்ல முடியும்? ஈயச் சுரங்கக் காலத்தில் தோன்றி நூறாண்டு கடந்த மந்தின் கம்போங் ஹக்காவின் சீன மக்கள், பட்டா இல்லாததால் மேம்பாட்டுத் திட்டத்தின் முன் பட்ட பாடு நம் கண்முன்னே நடந்தது. இனம் வேறானாலும், பட்டா இல்லாமல் வாழ்ந்தவர்களின் நிலை ஒன்றுதான்.

ஊராட்சி அமைப்பும் மக்களிடமிருந்து தள்ளியே நிற்கிறது. 2020 ஜனவரி 1இல் சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைக்கப்பட்டுச் சிரம்பான் மாநகர் மன்றம் உருவானது. பரந்த அந்த எல்லைக்குள் மந்தின் ஒரு சிறு பகுதி. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டுப் பிறகு சட்டப்படியே கைவிடப்பட்டதால், மன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சிலாங்கூரும் பினாங்கும் தகவல் பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. நெகிரி செம்பிலானில் அது இல்லை. வாக்கும் இல்லை, தகவல் சட்டமும் இல்லை என்ற நிலையில், மன்றம் தானே முன்வந்து வெளியிடும் தகவல்தான் மக்களின் ஒரே பிடிமானம்.

இது தொழில்நுட்பத்துக்கு எட்டாத காரியம் என்று சொல்ல வழியில்லை. கொவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலியில் ஓர் இடத்தின் பெயரைப் போட்டால், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை பேருக்குத் தொற்று என்று காட்டியது. நோயை இடவாரியாகச் சொல்ல முடிந்த அரசுக்கு, நில அறிவிப்பை இடவாரியாகச் சொல்வது பெரிய வேலையாகாது.

புலனக் குழுக்களும் முகநூலும் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழுக்கள் செய்யும் சேவை பெரிது. நீர் வெட்டு, ஆலயத் திருவிழா, காணாமல்போன முதியவர் என்று எல்லாவற்றையும் நொடியில் பரப்புகின்றன. ஆனால் அவை கையில் கிடைத்ததைப் பரப்பும். மூலத் தகவலை உண்டாக்க அவற்றால் முடியாது. அதிகாரப்பூர்வ அறிவிப்பு இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். எல்லாருக்கும் மலாய் தெரியுமே, தமிழில் எதற்கு என்பது இன்னொரு வாதம். பேசத் தெரிவது வேறு, சட்ட மொழியில் எழுதிய நில அறிவிப்பைப் படித்துப் பொருள்கொள்வது வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட மூத்தவர்களுக்கு நாலு வரித் தமிழ்ச் சுருக்கம் பெரிய துணை. அவர்களுக்குக் கைத்தொலைபேசி வசப்படாதே என்ற கவலை நியாயமானது. அதனால்தான் இணைய அறிவிப்பு முதல் படியாக மட்டும் இருக்க வேண்டும். அதே அறிவிப்பை அச்சிட்டு ஆலயத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒட்டுவது அடுத்த படி. மூலம் நம்பகமானதாக இருந்தால், பேரப்பிள்ளை படித்துச் சொன்னாலும் போதும்.

மாநகர் மன்றம் செய்ய வேண்டியது மூன்று. தன் அகப்பக்கத்தில் மந்தின், லெங்கேங், நீலாய் என்று வட்டாரவாரியாக அறிவிப்புகளைப் பிரித்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு மேம்பாட்டு விண்ணப்பத்துக்கும் இடம், நோக்கம், ஆட்சேபக் கடைசி நாள் ஆகியவற்றைத் தமிழ்ச் சுருக்கத்தோடு தர வேண்டும். பட்டா இல்லாதவரும் கைத்தொலைபேசி எண்ணைப் பதிந்து, தம் வட்டாரத்து அறிவிப்புகளைப் பெற வழிசெய்ய வேண்டும். நம் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அந்த 21 நாளுக்குள் செய்தி கிடைத்தால்தான் மக்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வர முடியும். புல்டோசர் வந்த பிறகு தெரிந்துகொள்வதால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.