முதலில் பள்ளிக்கூடம்

1933-ம் வருஷத்தில் லிங்கன் கிர்ஸ்டீன் என்னும் 26 வயது அமெரிக்க இளைஞர் லண்டனில் ஜார்ஜ் பாலஞ்சினைச் சந்தித்து, தம் தேசத்தில் ஒரு பாலே நாட்டியக் குழு அமைக்க வருமாறு வேண்டிக்கொண்டார். இம்மாதிரி சமயங்களில் சம்பளப் பேச்சுத்தான் முதலில் எழுவது வழக்கம். பாலஞ்சின் விதித்த நிபந்தனையோ வேறு. முதலில் பள்ளிக்கூடம் வேண்டும். குழுவெல்லாம் அப்புறந்தான் என்றார்.

இதைச் சொன்னவர் சிறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப் போனவர் என்பதுதான் வேடிக்கை! ஜார்ஜிய சங்கீத வித்வான் ஒருவரின் புதல்வராக 1904-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த அவரை, ஒன்பதாவது வயதில் ஜார் மன்னரின் நாட்டியப் பள்ளியில் சேர்த்தார்கள். பையனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மேடையேறி ஒரு சிறு வேஷம் போட்ட பிறகே மனம் மாறிற்று. அப்புறம் புரட்சி, பள்ளி மூடப்பட்டது. ஊமைப் படக் கொட்டகைகளில் பியானோ வாசித்து வயிற்றைக் கழுவினார். 1924-ல் ருஷ்யாவை விட்டு வெளியேறி, தியாகிலெவின் புகழ் பெற்ற குழுவில் சேர்ந்தார். 1929-ல் தியாகிலெவ் காலமானார்; குழுவும் கலைந்தது. தனி மனிதரை நம்பிய குழுவின் கதியைக் கண்ணால் கண்டவர் பள்ளிக்கூடம் கேட்டதில் ஆச்சரியம் என்ன?

1934 ஜனவரியில் நியூயார்க்கில் பள்ளி திறந்தாயிற்று. மாணவிகளுக்கு மேடைப் பழக்கம் உண்டாவதற்காகச் சைகோவ்ஸ்கியின் இசைக்கு 'ஸெரனேட்' என்ற நாட்டியத்தை அமைத்தார். முதல் நாள் வந்தவர்கள் 17 பெண்கள். ஆகவே ஆரம்பக் காட்சியில் 17 பேர். ஒருத்தி தாமதமாக வந்தாள். இன்னொருத்தி கீழே விழுந்தாள். வேறு ஆசிரியராயிருந்தால் கோபித்துக் கொண்டிருப்பார். இவரோ, தாமதித்தவளையும் விழுந்தவளையும் அப்படியே நாட்டியத்தில் சேர்த்துவிட்டார்! இன்றைக்கும் அந்த நாட்டியத்தில் ஒருத்தி தாமதமாகவே வருகிறாள்.

1942-ல் ஒரு சர்க்கஸுக்காக 50 யானைகளையும் 50 பெண்களையும் சேர்த்து ஆட வைத்தார். அதற்கு இசை அமைத்தவர் மேதை ஸ்டிராவின்ஸ்கி. யானைகளின் அபிப்பிராயம் தெரியவில்லை.

நிலையான குழு, நியூயார்க் ஸிடி பாலே, 1948-ல்தான் ஏற்பட்டது. பள்ளி திறந்து பதினான்கு வருஷம் காத்திருந்தார்! 1962-ல் அக்குழுவுடன் மாஸ்கோ சென்றபோது, பாலேயின் தாயகத்துக்கு வருக என்று வரவேற்றார்கள். சாஸ்திரீய பாலேயின் தாயகம் இப்போது அமெரிக்கா என்று அவர் திருத்தினார். 1983-ல் அவர் காலமானார். பள்ளிக்கூடம் நடந்து கொண்டிருக்கிறது.